நான் இருந்தால் நன்றாகப் பாடுகிறார்கள், நான் இல்லாவிட்டால்?

உயர்நிலைப் பள்ளியில் பத்து ஆண்டுகளுக்கு மேலாக இசை கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

வகுப்புப் பாடவேளைகளோடு பள்ளியின் சேர்ந்திசைக் குழுவும் அவர் பொறுப்பு. ஆண்டு விழாவில் குழு பாடினால் கைதட்டல் அடங்க நேரமாகும். போட்டிகளில் பரிசும் வருகிறது. சென்ற பருவத்தில் காய்ச்சலால் ஒரு வாரம் விடுப்பெடுத்தார். குழு தானாகவே ஒத்திகை பார்த்திருக்கிறது. திரும்பி வந்து கேட்டால், புதுப் பாட்டு ஒரு வரிகூட நகரவில்லை, பழைய பாட்டிலும் சுருதி இறங்கிக் கிடந்தது. கலங்கிப் போனவர் தன் ஒத்திகை ஒன்றைச் செல்பேசியில் பதிவு செய்து பார்த்திருக்கிறார். “பாதி நேரம் நான் பேசுகிறேன். மீதி நேரம் அவர்களோடு சேர்ந்து நானே பாடுகிறேன். இத்தனை ஆண்டும் நான் கற்பித்தேனா, இல்லை பாடவைத்தேனா?” என்று கேட்கிறார்.

இன்னும் சில விஷயங்களும் கடிதத்தில் இருக்கின்றன. தினமும் ஒரு மணி நேரம் பயிற்சி செய்து, பெற்றோர் கையெழுத்தோடு குறிப்பேடு கொண்டுவரச் சொல்கிறார். பாதிக் கையெழுத்து பொய் என்று அவருக்கே தெரியும். சுருதியே சேராத ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனிடம் விழாவுக்கு முன்னால் “நீ வாயை மட்டும் அசை” என்று சொல்லியிருக்கிறார். அவன் அப்படியே செய்தான், அதன்பின் குழுவுக்கு வருவதில்லை. “அவனுக்கு இசை ஞானம் இல்லை என்பது உண்மைதானே?” என்கிறார். வார இறுதியில் தொண்டை கட்டிவிடுகிறது. மேடையில் பாடுவதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன, அந்தக் குற்ற உணர்வு வேறு. மேற்படிப்பில் சேர்வதா, குழுவை வேறொருவரிடம் ஒப்படைப்பதா என்ற குழப்பம். தலைமையாசிரியரோ “பரிசு வருகிறதே, எதற்கு மாற்ற வேண்டும்?” என்கிறாராம்.

அன்புள்ள ஆசிரியைக்கு,

இசை ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிப்பதும், அவர்கள் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து கவனிப்பதும்தான் என் வேலை. வகுப்பைப் பதிவு செய்து பாருங்கள் என்று சொன்னால் பலர் நழுவிவிடுவார்கள். செய்கிறவர்களும் ஐந்து நிமிடத்துக்கு மேல் பார்க்கமாட்டார்கள், தன் குரலைத் தானே கேட்பது அத்தனை சங்கடம். நீங்கள் முழுதாகப் பார்த்திருக்கிறீர்கள், பேச்சு எவ்வளவு என்று கணக்கும் போட்டிருக்கிறீர்கள். அந்தக் கணக்கில் ஒன்று மட்டும் விட்டுப்போயிருக்கிறது என்பது என் எண்ணம்: தப்பைக் கண்டுபிடித்தது யார்?

பதிவில் பார்த்ததாக நீங்கள் எழுதியிருக்கும் ஓர் இடத்தையே எடுத்துக்கொள்கிறேன். பல்லவியின் இரண்டாம் வரி முடிவில் சுருதி இறங்குகிறது. நீங்கள் கைதட்டி நிறுத்துகிறீர்கள். “கடைசி ஸ்வரம் இறங்குது, இப்படிப் பாடுங்க” என்று பாடிக் காட்டுகிறீர்கள். அவர்கள் திருப்பிப் பாடுகிறார்கள், சரியாகிறது, அடுத்த வரிக்குப் போகிறீர்கள். பார்க்க நல்ல ஒத்திகைதான். ஆனால் அதில் தப்பைக் கேட்டது நீங்கள், இடத்தைச் சொன்னது நீங்கள், சரியான ஒலி எது என்று முடிவு செய்தது நீங்கள். பிள்ளைகள் காதில் விழுந்ததைத் திருப்பிப் பாடினார்கள், அவ்வளவுதான். குழு முழுவதற்கும் ஒரே ஒரு ஜோடிக் காது. அது காய்ச்சலில் படுத்தால் குழுவும் சேர்ந்து படுத்துக்கொள்ளும்.

எனவே, அதிகம் பேசுகிறேன் என்பதை நோயாக நினைக்காதீர்கள், அது அறிகுறி மட்டும்தான். நாளையிலிருந்து வாயைக் கட்டிக்கொண்டு, கையசைவிலேயே எல்லாத் தப்பையும் நீங்களே சுட்டிக்காட்டினாலும் நிலைமை இப்படியேதான் இருக்கும்.

கேட்கிற வேலையை அவர்களிடம் கொடுப்பது

அதே இரண்டாம் வரிக்கு வருவோம். பாடி முடித்ததும் எதுவும் சொல்லாதீர்கள், முகத்திலும் காட்டாதீர்கள். “எந்த இடத்துல இறங்கினோம்?” என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். இந்தக் காத்திருப்புதான் கஷ்டம். அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுத்திருந்தார்கள் என்று தெரிந்தது. அதை மூன்று விநாடிக்கு நீட்டியதுமே பதில்கள் நீண்டன, வாயே திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். அவர் பார்த்தது அறிவியல் வகுப்புகள். இசையில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும், ஏனென்றால் பிள்ளை அந்த வரியை மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்ல முடியும்.

முதல் சில வாரம் பதில்கள் தாறுமாறாகத்தான் வரும். “சத்தமா பாடிட்டோம் மிஸ்” என்பான் ஒருவன். “எல்லாமே நல்லாத்தான் இருந்துச்சு” என்பாள் இன்னொருத்தி. திருத்தாதீர்கள். பாடியதைப் பதிவு செய்து போட்டுக் காட்டி, கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் சொல்லுங்கள், இறங்குகிற இடத்தில் விரலைத் தூக்கட்டும். எத்தனை விரல், எந்த இடத்தில் என்று பார்த்தாலே யாருக்குக் கேட்கிறது, யாருக்கு இன்னும் கேட்கவில்லை என்பது தெரிந்துவிடும். பரீட்சை வைத்தாலும் இவ்வளவு தெளிவாகத் தெரியாது.

அடுத்த கேள்வி “ஏன் இறங்கியது?” இங்கேதான் பாட்டே ஆரம்பிக்கிறது என்பேன். உங்கள் இரண்டாம் வரி நீளமானது. நடுவில் மூச்செடுக்க இடம் சொல்லியிருக்கிறீர்களா? இல்லையென்றால் ஆளுக்கு ஓர் இடத்தில் திருட்டு மூச்சு எடுத்து, மிச்சம் மீதிக் காற்றில்தான் கடைசி ஸ்வரத்தைப் பிடிப்பார்கள். இறங்காமல் என்ன செய்யும்? “மேலே பாடு” என்று நீங்கள் சொன்னால் அந்த நிமிடத்துக்குச் சரியாகும், நாளைக்கு மறுபடி இறங்கும். மூச்சு தீர்ந்துபோவதை அவர்களே கண்டுபிடித்து, எந்தச் சொல்லுக்குப் பின்னால் மூச்செடுப்பது என்று அவர்களே முடிவு செய்தால், அடுத்த பாட்டின் நீளமான வரிக்கும் அது கூடவே போகும்.

ஹங்கேரி இசையமைப்பாளர் சோல்தான் கோடாய் (1882–1967) வகுத்த வழியில் கற்பிப்பவர்கள் ஒரு பயிற்சி செய்வார்கள். குழு பாடிக்கொண்டிருக்கும்போது ஆசிரியர் சைகை காட்டினால் சத்தத்தை நிறுத்திவிட்டு உள்ளுக்குள்ளே பாட வேண்டும், தாளம் விடக்கூடாது. மறுபடி சைகை வந்ததும் வாய்விட்டுப் பாட வேண்டும். எந்த ஸ்வரத்தில், எந்த இடத்தில் வந்து இறங்குகிறார்கள் என்பதே அவர்கள் மனதுக்குள் என்ன ஓடியது என்று காட்டிக்கொடுத்துவிடும். செலவில்லை, கருவி வேண்டாம், பிள்ளைகளுக்கு விளையாட்டு மாதிரியும் இருக்கும்.

அப்புறம், கூடவே பாடுவதை நிறுத்துங்கள். பாடிக் காட்டலாம், காட்டிவிட்டு நின்றுவிட வேண்டும். நீங்களும் சேர்ந்து பாடினால் அவர்கள் குரல் உங்களுக்குச் சரியாகக் கேட்காது. அவர்களும் நடைவண்டியைப் பிடித்த குழந்தை மாதிரி உங்கள் குரலைப் பிடித்துக்கொண்டே நடப்பார்கள். ஆதார சுருதிக்குக் கீபோர்டில் ஒரே ஸ்வரத்தை அழுத்திப் பிடியுங்கள், போதும். முன்னால் போகிற குரலைத் தொடர்வது ஒரு வேலை, அசையாமல் நிற்கிற ஒலியோடு தன் குரலை ஒப்பிட்டுப் பார்ப்பது வேறு வேலை. இரண்டாவதைத்தான் அவர்கள் இன்னும் பழகவில்லை.

உங்கள் தொண்டைக்கும் இதுவே முதல் மருந்து. ஆனாலும் சொல்லிவிடுகிறேன், கரகரப்பு நான்கு வாரத்துக்கு மேல் நீடித்தால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் குரல்நாணைக் காட்டிவிடுங்கள். கிசுகிசுப்பாகப் பேசினால் தொண்டைக்கு ஓய்வு என்று பலர் நம்புகிறார்கள். அது பலருக்குச் சிரமத்தைக் கூட்டவே செய்யும். தாழ்ந்த குரலில் இயல்பாகப் பேசுவதே மேல்.

இதற்கெல்லாம் ஒரு விலை உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. முதல் பருவத்தில் வேகம் குறையும். மூன்று பாட்டு முடிக்கிற நேரத்தில் இரண்டுதான் முடியும். இரண்டாம் மாத வாக்கில் “இதெல்லாம் வேலைக்காகாது, பழையபடியே பாடிக் காட்டிவிடலாம்” என்று கை பரபரக்கும். அப்படித் தோன்றுகிற நாளில் ஒத்திகையின் கடைசிப் பதினைந்து நிமிடத்தைக் குழுவிடம் விட்டுவிட்டு வெளியே போய்விடுங்கள். பதிவு மட்டும் ஓடட்டும். கதவுக்கு வெளியே நின்று ஒட்டுக் கேட்காதீர்கள், எப்படியும் அவர்களுக்குத் தெரிந்துவிடும். மாதம் ஒருமுறை இப்படிச் செய்து பதிவுகளை வரிசையாகக் கேட்டால், முன்னேற்றம் இருக்கிறதா இல்லையா என்பதை உங்கள் மனநிலையை வைத்து ஊகிக்க வேண்டியிருக்காது.

கையெழுத்துக் குறிப்பேடு

அதை விட்டுவிடுங்கள். பொய்க் கையெழுத்து வாங்கப் பழக்குகிறது என்பது ஒரு காரணம். ஒரு மணி நேரம் என்ற அளவே அதிகம் சொல்லாது என்பது பெரிய காரணம்.

பத்தாயிரம் மணி நேரம் பயின்றால் எவரும் வித்வான் ஆகலாம் என்று ஒரு பேச்சு ஊரெல்லாம் சுற்றுகிறது, உங்கள் கடிதத்திலும் அது எட்டிப் பார்க்கிறது. உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சனும் சகாக்களும் பெர்லின் இசைக் கல்லூரியின் வயலின் மாணவர்களை ஆராய்ந்து 1993இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து கிளம்பியது அது. அங்கே சிறந்த மாணவர்கள் இருபது வயதுக்குள் பயின்ற நேரத்தின் சராசரிதான் அந்த எண். அதைத் தொட்டால் கதவு திறக்கும் என்று அவர்கள் சொல்லவில்லை. குறையைக் குறிவைத்துச் செய்கிற பயிற்சியைப் பற்றித்தான் பேசினார்கள். பரவும்போது அந்தப் பாதி உதிர்ந்துவிட்டது.

உங்களுக்கு இன்னும் பொருத்தமான ஆய்வு ஒன்று இருக்கிறது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் டியூக்கும் சகாக்களும் 2009இல் வெளியிட்டது. தேர்ந்த பியானோ மாணவர்கள் 17 பேரிடம் கடினமான ஒரு சிறு பகுதியைக் கொடுத்து, வேண்டிய மட்டும் பயிலச் சொல்லி, மறுநாள் வாசிக்கவைத்தார்கள். எவ்வளவு நேரம் பயின்றார்கள், எத்தனை முறை வாசித்தார்கள் என்பதற்கும் மறுநாள் வாசிப்பின் தரத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. முதலிடங்களில் வந்தவர்களும் பயிற்சியில் தப்பு செய்யாமல் இல்லை. தப்பு வந்ததும் அந்த இடத்திலேயே நின்று, வேகத்தைக் குறைத்து, சரியாக நிலைக்கும் வரை விடாமல் பிடித்தார்கள். மற்றவர்கள் தப்பையும் சேர்த்தே பலமுறை வாசித்துப் பழகினார்கள். உங்கள் பிள்ளைகள் அந்த அளவுக்குத் தேர்ந்தவர்கள் இல்லைதான், ஆனால் செய்ய வேண்டிய வேலை இதே வேலை.

இப்படிப் பயில்வது எப்படி என்று பிள்ளைகளுக்கு யாரும் காட்டியதில்லை. “வீட்ல பிராக்டிஸ் பண்ணு” என்று மட்டும் சொல்கிறோம். அவர்களும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஓட்டிவிட்டு, மறுபடி முதல் வரிக்குப் போகிறார்கள். வாரம் ஒருமுறை, விருப்பமுள்ள ஒரு மாணவர் எல்லோர் முன்னாலும் ஐந்து நிமிடம் பயிலட்டும். எங்கே நிற்க வேண்டும், எதை மெதுவாக்க வேண்டும் என்று மற்றவர்கள் சொல்லட்டும். குறிப்பேட்டில் நேரத்துக்குப் பதிலாக, இன்று எங்கே சிக்கியது, என்ன செய்து பார்த்தாய் என்ற இரண்டு வரி போதும். பெற்றோர் கையெழுத்து வேண்டாம். பத்து நிமிடம்தான் பயின்றேன் என்று ஒரு பிள்ளை உண்மையை எழுதினால் அதற்காகக் கடிந்துகொள்ளாதீர்கள்.

வாயை மட்டும் அசைத்த பையன்

உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில்: இல்லை, அவனுக்கு ஞானம் இல்லை என்று சொல்ல உங்களிடம் ஆதாரம் எதுவும் இல்லை. பிறவியிலேயே சுருதி வேறுபாடு புலப்படாத நிலை உண்டுதான். இசபெல் பெரெட்ஸும் டொமினிக் வுவானும் 2017இல் வெளியிட்ட பெரிய ஆய்வில் அது நூற்றுக்கு ஒன்றரைப் பேர் என்ற கணக்கு வந்தது. உங்கள் பள்ளி முழுவதும் தேடினால் சிலர் இருக்கலாம். சுருதி சேராமல் பாடுகிற மற்ற எல்லோருக்கும் பெரும்பாலும் காது நன்றாகவே கேட்கும், குரலை அங்கே கொண்டுபோய் நிறுத்தத்தான் தெரியாது. கேட்டதை வைத்து இந்த இரண்டையும் நாமே பிரித்துச் சொல்லிவிட முடியாது.

அதைவிட முக்கியம், அவன் வயது. ஒன்பதாம் வகுப்புப் பையன் என்றால் மகரக்கட்டு நடந்துகொண்டிருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. குரல்நாண் நீண்டு தடித்து, குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே போகிற காலம். அமெரிக்க இசைக் கல்வியாளர் ஜான் கூக்ஸி 1970களில் இந்த மாற்றத்தைப் படிப்படியாக வகுத்துக் காட்டினார். அதில் நமக்கு வேண்டிய செய்தி, நடுப் படிகளில் வசதியாகப் பாடக்கூடிய எல்லை நன்றாகச் சுருங்கிவிடும் என்பது. சிலருக்குச் சில மாதங்கள் ஐந்தாறு ஸ்வரங்கள்தான் மிஞ்சும். நேற்று எட்டிய ஸ்வரம் இன்று எட்டாது. நீங்கள் பெண் குரலில் பாடிக் காட்டுகிறீர்கள், அது அவனுக்கு ஒரு ஸ்தாயி மேலே இருக்கிறது. அதை எங்கே பிடிப்பது என்று தெரியாமல் அவன் நடுவில் எங்கோ தொங்கியிருப்பான். பெண் பிள்ளைகளுக்கும் இந்த வயதில் குரல் மாறும், காற்று கலந்து வரும். பெரிதாகத் தெரியாததால் நாம் கவனிப்பதில்லை.

அவனைத் தனியாகக் கூப்பிடுங்கள், நண்பர்கள் முன்னால் வேண்டாம். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுங்கள்: “அன்னைக்கு நான் அப்படிச் சொன்னது தப்பு. உன் குரல் மாறிக்கிட்டிருக்கு, நான் அதைப் பார்க்காம விட்டுட்டேன்.” ஆசிரியர் ஒருவர் இதைச் சொன்னால் மதிப்புக் குறையும் என்று பயப்படாதீர்கள். அவன் வரச் சம்மதித்தால், அவனுக்கு வசதியான ஏதோ ஒரு ஸ்வரத்தை முனகச் சொல்லி, அதைக் கீபோர்டில் நீங்கள் தேடிப் பிடியுங்கள். முதலில் நீங்கள் அவன் சுருதிக்குப் போக வேண்டும், அவன் உங்கள் சுருதிக்கு அல்ல. அங்கே நிலைத்ததும் அரைக்கட்டை மேலே, அரைக்கட்டை கீழே என்று நகர்த்துங்கள். குரல் ஏற்கெனவே உடைந்து நிலைத்த மூத்த மாணவன் யாராவது பாடிக் காட்டினால் இன்னும் நல்லது. அவன் எல்லைக்குள் அடங்குகிற ஒரு பகுதியைப் பாட்டில் எழுதிச் சேர்ப்பது உங்கள் வேலை. வரச் சம்மதிக்கவில்லையா, வற்புறுத்தாதீர்கள். கதவு திறந்திருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்தால் இப்போதைக்குப் போதும்.

குழுவில் இருக்கும் மற்றவர்களின் குரல் எல்லையையும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக் குறித்துவையுங்கள். இன்னும் எத்தனை பேர் யாரும் சொல்லாமலே வாயசைத்துக்கொண்டிருக்கிறார்களோ!

தலைமையாசிரியரும் பதிவுகளும்

பரிசு வேண்டும் என்று அவர் எதிர்பார்ப்பதில் குற்றம் சொல்ல முடியாது, அவருக்கும் மேலே பதில் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். எல்லாவற்றையும் மாற்றப் போகிறேன் என்று போய் நிற்காதீர்கள். போட்டிப் பாட்டைப் பழைய முறையிலேயே நடத்திக்கொண்டு, வேறொரு பாட்டைப் புது முறைக்கு ஒதுக்குங்கள். ஒரு பருவம் கழித்து, நீங்கள் இல்லாத அந்தப் பதினைந்து நிமிடப் பதிவுகளில் முதலாவதையும் கடைசியையும் அவருக்குப் போட்டுக் காட்டலாம்.

பதிவு என்றதும் ஒரு எச்சரிக்கை. பிள்ளைகள் பதினெட்டு வயதுக்குக் கீழே. காணொளி எடுப்பதற்கு முன் பள்ளியின் அனுமதியும் பெற்றோரின் எழுத்துச் சம்மதமும் வாங்கிக்கொள்ளுங்கள், பள்ளி விதி என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் ஏற்கெனவே எடுத்ததைப் பற்றியும் தலைமையாசிரியரிடம் சொல்லிவிடுவது நல்லது. சொந்தச் செல்பேசியில் சேர்த்துவைக்க வேண்டாம், எந்தக் குழுவிலும் பகிர வேண்டாம், வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள். சுருதி பார்க்க ஒலிப்பதிவே போதும், முகம் தேவையில்லை.

மேடையும் மேற்படிப்பும்

மேடையில் பாடாதவள் பாட்டுச் சொல்லித்தருவது ஏமாற்று வேலையோ என்று எழுதியிருக்கிறீர்கள். மேடையில் அசத்துகிற பலர் வகுப்பில் திணறுவதைப் பின்வரிசையிலிருந்து நிறையவே பார்த்திருக்கிறேன். தமக்கு இயல்பாக வந்துவிடுவதால், அது வராதவனுக்கு எங்கே இடிக்கிறது என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. உங்களுக்குப் பாட ஆசை இருந்தால் பாடுங்கள், நல்லதுதான். பிராயச்சித்தமாகச் செய்யாதீர்கள். குழுவை வேறொருவரிடம் ஒப்படைப்பது பற்றி ஓராண்டு கழித்து யோசிக்கலாம். இப்போது கொடுத்தால் அதே பழக்கத்தோடு இருக்கிற குழுவைத்தான் அவரும் வாங்கிக்கொள்வார்.

உங்களுக்கு இப்போது தேவை, வகுப்பை வந்து பார்க்கிற இன்னொரு ஜோடிக் கண். பக்கத்துப் பள்ளியின் இசை ஆசிரியர் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் உங்கள் பள்ளியின் கணக்கு ஆசிரியரே போதும். “ஒவ்வொரு தப்பையும் முதலில் சொன்னது நானா, பிள்ளைகளா? கோடு போட்டுக்கொண்டே வாங்க” என்று ஒரு தாளைக் கொடுங்கள். சுருதி என்றால் என்னவென்றே தெரியாதவராலும் அதை எண்ண முடியும். பதிலுக்கு அவர் வகுப்பில் நீங்கள் போய் உட்காருங்கள்.

மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் நெருங்குகிறது என்கிறீர்கள். பதவி உயர்வுக்குத் தேவை என்றால் அது தனிக் கணக்கு, சேர்ந்துவிடுங்கள். கற்பித்தலை மேம்படுத்தத்தான் என்றால், பணம் கட்டுவதற்கு முன் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். வரலாறும் இலக்கணமும் மட்டும் இருந்தால் படிக்கச் சுவையாக இருக்கும், உங்கள் இரண்டாம் வரிக்கு உதவாது. உங்கள் வகுப்புக்கே வந்து பார்த்து, பிறகு உட்கார்ந்து பேசுகிற ஒரு வழிகாட்டி அதில் இருந்தால் தயங்காமல் சேருங்கள். இல்லையென்றால் அடுத்த ஆண்டும் அதே விண்ணப்பம் வரும்.